மாண்டரின் மீனைப் பட்டினி போடாமல் வளர்ப்பது எப்படி: வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு ஒரு முழு வழிகாட்டி

என் முதல் மாண்டரின் மீன் ஏழு வாரம் உயிரோடு இருந்தது. தண்ணீரில் குறை சொல்ல எதுவும் இல்லை. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், உப்பு சரி, வெப்பநிலை சரி. ஞாயிறுதோறும் டெஸ்ட் கிட்டைப் பரப்பி வைத்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வந்தேன். மீன் மட்டும் வாரத்துக்கு வாரம் மெலிந்தது. கடைசியில் தலை பெரிதும் உடல் நூலுமாக ஒரு பாறையடியில் கிடந்தது. நோய் எதுவும் இல்லை, பட்டினிதான். விற்ற கடைக்காரர் "எது போட்டாலும் சாப்பிடும் சார்" என்று சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

கடல்நீர்த் தொட்டியில் மென்மையான மீன் என்று பெயரெடுத்தவை பல உண்டு. அவற்றில் மாண்டரினை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இதை வாழவைக்கத் தெரிந்துவிட்டால் மற்ற பல மீன்களின் பிடிவாதமும் புரிந்துவிடும். கடல்குதிரையைப் பற்றிக் கேட்காதீர்கள். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. நம் நாட்டில் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

இந்த மீன் என்ன தின்கிறது

மாண்டரினின் ஊர் மேற்குப் பசிபிக். ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலிருந்து பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியா வரை, அலை அதிகம் அடிக்காத பவளத் திட்டுகளில் உடைசல்களுக்கிடையே வாழும். ஆறேழு சென்டிமீட்டர்தான் வளரும். உடம்பில் செதில் கிடையாது, அதற்குப் பதிலாகக் கெட்டியான, கசப்பான ஒரு வழவழப்பு. அந்த நீலமும் சாதாரண நீலமல்ல. மீன்களிலும் பறவைகளிலும் நாம் பார்க்கும் நீலம் பெரும்பாலும் ஒளி சிதறுவதால் வருவது. இதற்கு மட்டும் தோலில் உண்மையான நீல நிறமிச் செல்கள் இருக்கின்றன. முதுகெலும்புள்ள உயிர்களில் அப்படி அறியப்பட்டவை இதுவும் இதன் நெருங்கிய உறவான புள்ளி மாண்டரினும்தான்.

அழகு இருக்கட்டும், வாயைப் பாருங்கள். சின்னக் குழல்போல முன்னால் நீளும். அதை வைத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும். கொத்துவது பெரும்பாலும் கோபிபாட் எனப்படும் துடுப்புக்காலிகளை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத, இறால் வகையறாவைச் சேர்ந்த உயிர்கள் அவை. ஒவ்வொன்றும் ஒரு பருக்கைக்குக்கூடச் சமமில்லை என்பதால் நாள் முழுக்கத் தின்றால்தான் வயிறு நிறையும். காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை என்று நாம் போடும் தீனி இதன் கணக்கில் சேராது. கூடவே இருக்கும் சுறுசுறுப்பான மீன்கள் அரை நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடும். இது அப்போதுதான் தலையைச் சாய்த்துப் பார்த்து யோசிக்க ஆரம்பிக்கும்.

ஆக, வேலையின் வரிசை இது: முதலில் தொட்டி, அப்புறம் கோபிபாட், கடைசியில் மீன். இடையில் எட்டு முதல் பத்து மாதம் ஓடும். அவ்வளவு காத்திருக்க முடியாதென்றால் வேறு மீன் வாங்கிக்கொள்ளலாம்.

தொட்டியும் பாறையும்

ஒரு மாண்டரினுக்கு 250 லிட்டர் தொட்டி வையுங்கள். மீன் சிறியதுதான், இடம் அதன் தீனிக்கு. கண்ணாடித் தொட்டிக்குக் கீழே சம்ப் எனப்படும் கீழ்த்தொட்டியும் வேண்டும். அதில் ஒரு தடுப்பைப் பாசிக்கும் கோபிபாடுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் உயிர்ப்பாறையை, அதாவது சிற்றுயிர்கள் ஒட்டிய கடல் பவளப்பாறையை, வாங்கி அடுக்குவார்கள். அதில் கோபிபாட் தானாகவே வந்து சேரும். இங்கே அது நடக்காது. பவளங்களும் 2001-லேயே அதே சட்டத்துக்குள் வந்துவிட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. "ராமேஸ்வரத்துப் பாறை இருக்கு, வேணுமா?" என்று யாராவது காதில் கிசுகிசுத்தால் நகர்ந்துவிடுங்கள். செயற்கைப் பீங்கான் பாறை போதும். நுண்துளை அதிகமுள்ளதாகப் பார்த்து 20, 25 கிலோ வாங்குங்கள். பெரிய பாறைகளை மேலே அடுக்கி, பின்பக்க மூலையில் விரல்கடை அளவுள்ள துண்டுகளை ஒரு கூடை அளவுக்குக் கொட்டி வையுங்கள். மீனின் வாய் நுழையாத அந்தக் குவியலுக்குள்தான் கோபிபாட் முட்டையிட்டுப் பெருகும்.

தொட்டிக்கு வலைமூடி கட்டாயம். இந்தச் சோம்பேறி மீனா குதிக்கும் என்று நினைப்பீர்கள். இருட்டில் குதிக்கும்.

தண்ணீர், குறிப்பாக ஆர்.ஓ.

தென்சென்னையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெம்மேலியில் கடல்நீரிலிருந்து உப்பை எடுத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். நாம் அதை இன்னொருமுறை வடிகட்டி, காசு கொடுத்து வாங்கிய உப்பைத் திரும்பப் போடுகிறோம். நேராகக் கடலிலிருந்து குடத்தில் மொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். கூவமும் அடையாறும் கலக்கும் கரையில் அந்த வேலை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரின் உப்பும் இறங்கிவிடும்.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே பயன்படுத்தலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது, அதற்குக் காரணம் இரண்டு. நம் வீட்டு ஆர்.ஓ.க்களில் குடிநீருக்குச் சுவை வர, வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். அதனால்தான் தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 50, 80 என்று காட்டுகிறது. இரண்டாவது காரணம்தான் ஆபத்தானது. இப்போது வரும் பல மாடல்களில் செம்புக் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. மனிதனுக்கு நல்லது என்று விற்கிறார்கள், இருக்கலாம். கோபிபாடுக்குச் செம்பு விஷம். என் இரண்டாவது முயற்சியில் நான்குமுறை கோபிபாட் வாங்கி விட்டும் ஒன்றும் நிலைக்கவில்லை. ஐந்து மாதம் கழித்துத்தான் சமையலறைச் சுவரில் தொங்கிய பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன்.

அதனால் தொட்டிக்கென்று தனி ஆர்.ஓ. சவ்வு, அதற்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துவைக்கும் டி.ஐ. ரெசின் குழாய். வெளியே வரும் தண்ணீர் டி.டி.எஸ். பூஜ்யம் காட்ட வேண்டும். ரெசின் நிறம் மாறினால் மாற்றிவிடுங்கள்.

லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது கடலின் கணக்கு. பாக்கெட் உப்பில் ஈரம் இருப்பதால் 37, 38 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் மாற்ற வேண்டுமென்றால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பக்கெட்டில் பம்ப் போட்டு ஒருநாள் ஓடவிட்டு, உப்பளவு காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வருகிறதா பாருங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்ப வேண்டாம், ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே பொய் சொல்லும். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆவியில் உப்பு போவதில்லை. புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

நவச்சாரம்

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் நவச்சாரம் வைத்திருப்பார்கள், நினைவிருக்கிறதா? வேதியியலில் அதற்கு அம்மோனியம் குளோரைடு என்று பெயர். தொட்டியைச் சைக்கிள் செய்ய, அதாவது மீன் கழிவை முறிக்கும் பாக்டீரியாவை முன்கூட்டியே வளர்க்க, அதுவே போதும், பாவம் ஒரு மீனை விட்டுச் சாகடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள், சந்தைச் சரக்கில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. 250 லிட்டருக்கு ஒன்றரை கிராம் கரைத்தால் அம்மோனியா ஏறத்தாழ 2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம், வரும். பாட்டில் பாக்டீரியாவையும் சேர்த்துவிட்டுக் காத்திருங்கள். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று அதை நைட்ரேட் ஆக்கும். பிறகு மறுபடி ஒன்றரை கிராம் போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் சைக்கிள் முடிந்தது. நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

கோபிபாட் வளர்ப்பு

எழுதியதில் இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும் என்பேன்.

சைக்கிள் முடிந்ததும் தொட்டியில் மீன் எதுவும் விடாமல் முதலில் கோபிபாடை விடுங்கள். டிஸ்பே என்ற இனம் பாறையிலும் மணலிலும் ஊர்ந்து ஒட்டிக்கொண்டு வாழும், மாண்டரினுக்கு அதுதான் அன்றாடச் சோறு. அபோசைக்ளாப்ஸ் என்ற இன்னொரு கோபிபாட் நம்மூர்ச் சூட்டைத் தாங்கும். இரண்டையும் கலந்து விடலாம். இரவில் விளக்கை அணைத்து, பம்பையும், நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்தி, பாறைக் குவியலின்மேல் மெதுவாக ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்றுமுறை இப்படிச் செய்யுங்கள். வடிகட்டும் துணிப்பையைக் கழற்றிவிடுங்கள், அது கோபிபாடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புற ஊதா விளக்கும் வேண்டாம்.

அவற்றுக்கும் தீனி வேண்டும். நுண்பாசிகள்தான் தீனி. நான் வளர்ப்பது நன்னோகுளோராப்சிஸ். இரண்டு லிட்டர் சோடா பாட்டிலில் உப்புநீர், பாசி உரம் சில சொட்டு, ஒரு காற்றுக்குழாய், பக்கத்தில் 16 மணி நேரம் எரியும் ஒரு எல்.இ.டி. பல்பு. ஒரு வாரம், பத்து நாளில் கீரை மசியல் நிறத்துக்கு வந்துவிடும். பாதியை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு, மீதிப் பாதியில் புதுத் தண்ணீரும் உரமும் சேர்த்தால் மறுபடி வளரும். ஃப்ரிட்ஜில் இருப்பதைத் தினமும் ஒருமுறை குலுக்குங்கள். பாட்டிலில் "குடிக்காதே" என்று எழுதி ஒட்டுங்கள். என் வீட்டில் ஒருமுறை அருகம்புல் ஜூஸ் என்று நினைத்து வாய்வரை கொண்டுபோய்விட்டார்கள்.

தொட்டிக்குள் விட்டதோடு நிற்காமல் வெளியிலும் இரண்டு கேனில் கோபிபாடை வளர்த்து வையுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், தொட்டியின் அதே உப்பளவு, கல் மாட்டாத வெறும் காற்றுக்குழாயில் நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி. தண்ணீர் வெளிர்ப்பச்சையாகும் அளவுக்கு நுண்பாசி ஊற்றுங்கள், தெளிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். கரும்பச்சையாக ஊற்றினால் அழுகிவிடும். இரண்டு வாரம் கழித்து, வாரம் ஒருமுறை 50 மைக்ரான் சல்லடையில் கால்பங்கை வடித்துத் தொட்டியில் விடலாம். இரண்டு கேன் எதற்கென்றால் ஒன்று எப்போதாவது செத்துப்போகும். நுண்பாசி பாட்டிலுக்கும் கோபிபாட் கேனுக்கும் ஒரே குழாய், ஒரே புனல் வேண்டாம். ஒரே ஒரு கோபிபாட் உள்ளே போய்விட்டாலும் பாசி பாட்டில் சில வாரத்தில் காலி.

கீழ்த்தொட்டித் தடுப்பில் கீட்டோமார்ஃபா பாசியைப் போடுங்கள். சிக்கலான பச்சை நைலான் கயிறு மாதிரி இருக்கும். மேலே விளக்கு எரியாத இரவு நேரத்தில் கீழே விளக்கு எரியட்டும். பாசி நைட்ரேட்டை உறிஞ்சும், கோபிபாடுக்கு வீடாகவும் இருக்கும்.

தொட்டி மீனுக்குத் தயாரா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். உங்கள் உள்ளங்கை மறைக்கும் இடத்துக்குள் வெள்ளைப் புள்ளிகள் பத்து இருபதாவது விட்டுவிட்டுத் துள்ளி ஓட வேண்டும். தேடிப் பார்த்துத்தான் ஒன்று தெரிகிறது என்றால் இன்னும் ஆகவில்லை. பின்பக்கக் கண்ணாடியைச் சுரண்டிப் பளபளப்பாக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அந்தப் பாசிப்படலம்தான் மேய்ச்சல் நிலம்.

இதற்கிடையே தொட்டி வெறிச்சென்று இருக்கிறது என்று வீட்டில் முணுமுணுப்பு எழும். நான்காவது மாதத்தில் ஒரு ஜோடி கோமாளி மீன் விடலாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் இவற்றைப் பொரித்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். பொரிப்பகத்து மீன் கடலில் பிடித்ததைவிடத் தெம்பானது, எந்தத் தீனியும் தின்னும். ஆறுகோட்டு ராஸ் மீனை மட்டும் விடவே கூடாது. அதுவும் நாள் முழுக்கக் கோபிபாட் வேட்டைதான், மாண்டரினைவிடப் பத்து மடங்கு வேகம். ஸ்கூட்டர் பிளென்னி என்ற பெயரில் விற்பதும் மாண்டரினின் சொந்தக்காரன், தட்டில் பங்குக்கு வந்துவிடுவான்.

எந்த மீனையும் நான்கு வாரமாவது தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டியில் விடுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் உள்ளே வந்துவிட்டால் கடையில் கொடுக்கும் மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். பெரிய தொட்டியில் அதை ஊற்றினால் பத்து மாத உழைப்பும் ஒரே இரவில் போய்விடும்.

சூடும் மின்வெட்டும்

25, 26 டிகிரி நல்லது. சென்னை மே மாதத்தில் சும்மா வைத்திருக்கும் தண்ணீரே 31, 32 காட்டும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மேற்பரப்பில் மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தினம் பல லிட்டர் ஆவியாகும். காற்றில் ஈரம் கூடிய நாளில் அதுவும் உதவாது. முடிந்தால் கால் எச்.பி. சில்லர் வாங்கிவிடுங்கள்.

மின்சாரம் போனால் சில்லரை மறந்துவிட்டு நீரோட்டத்தை மட்டும் காப்பாற்றுங்கள். 20 வாட் வேவ்மேக்கர் (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) ஒன்றை இன்வெர்ட்டரில் தனியாக இணைத்தால், நல்ல நிலையிலுள்ள 150 ஏ.ஹெச். பேட்டரியில் ஒருநாளுக்கு மேல் ஓடும், வீட்டு ஃபேனையும் டி.வி.யையும் அதே பேட்டரியில் போடாமலிருந்தால். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதற்கென்று பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

மீனைத் தேர்ந்தெடுப்பது

கடையில் பக்கவாட்டில் பார்த்து மயங்காமல் மேலிருந்தும் முன்னாலிருந்தும் பாருங்கள். தலையைவிட உடல் ஒடுங்கியிருந்தாலோ, வயிறு உள்வாங்கியிருந்தாலோ வேண்டாம். அந்த நிலைக்கு வந்த மீன் மீள்வது அபூர்வம். உடம்பில் சிறு துளைக் காயம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். குட்டி ஈட்டியால் குத்தி இவற்றைப் பிடிக்கும் வழக்கமும் உண்டு. பத்து நிமிடம் நின்று பாருங்கள், எதையாவது கொத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

புதிதாக வந்த மீனைக் கடையிலேயே ஒரு வாரம் விட்டு வாங்குங்கள் என்பது பொதுவாக நல்ல அறிவுரை. மாண்டரினுக்கு மட்டும் அது பொருந்தாது. வெறும் கண்ணாடிப் பெட்டியில் ஒவ்வொரு நாளும் அது பட்டினி கிடக்கிறது. வந்த இரண்டு மூன்று நாளில், வயிறு உருண்டையாக இருக்கும்போதே வாங்குங்கள். பண்ணையில் பிறந்த மாண்டரின் கிடைத்தால் கேள்வியே இல்லை. அமெரிக்காவின் ஓ.ஆர்.ஏ., பலாவுத் தீவில் தொடங்கிய பயோட்டா போன்றவை இவற்றைப் பொரித்து விற்றிருக்கின்றன. அவை சிறு வயதிலேயே உறைந்த தீனிக்குப் பழகியவை. இங்கே எப்போதாவதுதான் கண்ணில் படும்.

ஆணுக்கு முதுகுத் துடுப்பின் முதல் முள் கொடிபோல நீண்டிருக்கும். ஒரு தொட்டிக்கு ஒரே ஆண். இரண்டு ஆணை விட்டால் சண்டையில் ஒன்று செத்துப்போகும்.

வலையால் பிடிக்க விடாதீர்கள். கன்னத்தில் ஒரு கூர்முள் இருக்கிறது, வலையில் மாட்டிக்கொண்டு கிழியும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த நாள்

உள்ளூர்க் கடையில் வாங்கி ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்தால் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து முக்கால் மணி நேரத்தில் பழக்கலாம். வெளியூரிலிருந்து பார்சலில் வந்த மீனுக்கு இது எமன். மூடிய பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு பி.ஹெச்.சை இறக்கி வைத்திருக்கும். அதுவரை அம்மோனியா அதிகம் கடிக்காத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.ஹெச். ஏறி, அதே அம்மோனியா விஷமாகிவிடும். அதனால் மூடிய பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையை மட்டும் சமமாக்குங்கள். பை நீரின் உப்பளவைக் கடைக்காரரிடம் முன்பே கேட்டு, தனித்தொட்டியில் அதே அளவை வைத்திருங்கள். திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடலாம். உப்பைப் பிறகு இரண்டு மூன்று நாளில் ஏற்றிக்கொள்ளலாம். தனித்தொட்டியில் இருக்கும்வரை கேனிலிருந்து தினமும் கோபிபாட் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அங்கே மேய எதுவும் இருக்காது.

உறைந்த தீனிக்குப் பழக்குவது

எல்லா மாண்டரினும் பழகாது. பழகினால் உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆர்ட்டீமியா எனப்படும் உப்புநீர்ப் பொடி இறாலின் முட்டைதான் முதல் படி. மரக்காணம் பக்கத்து இறால் பொரிப்பகங்களுக்கு வரும் அதே டின் சரக்கு. லிட்டருக்கு 25 கிராம் உப்புள்ள தண்ணீரில், 28 டிகிரியில், காற்றடித்தால் ஒரு நாளில் பொரிக்கும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். மறுநாள் கொடுத்தால் அதன் மஞ்சள்கருச் சத்து தீர்ந்து வெறும் ஓடுதான் மிஞ்சும்.

சின்ன ஊறுகாய் பாட்டிலைப் படுக்கவைத்து, மூடியில் மாண்டரின் மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, பின்னால் ஒரு மெல்லிய குழாயைச் செருகுங்கள். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அந்தக் குழாய் வழியாக ஆர்ட்டீமியாக் குஞ்சுகளை விடுங்கள். நான்கைந்து நாளில் நேரம் தெரிந்து வந்து காத்திருக்கும். இரண்டாவது வாரம் உறைந்த சைக்ளாப்ஸ் (அதுவும் ஒரு கோபிபாட்தான்) கொஞ்சம் கலந்து விடுங்கள், பிறகு மீன்முட்டை, பிறகு உயிருள்ளதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். துப்பினால் ஒருபடி பின்னால் போங்கள். என் இப்போதைய மீன் மீன்முட்டையை ஏற்றுக்கொள்ள ஆறு வாரம் எடுத்துக்கொண்டது. ஒருநாள் தின்னும், மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எடை பார்க்க முடியாதாகையால் மாதம் ஒருமுறை முன்னாலிருந்து போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெலிவு தெரியாது. போட்டோவில் தெரிந்துவிடும்.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போகிறோம், மீனுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு இத்தனை மாத வேலையும் பதில் சொல்லிவிடும். பாறையில் கோபிபாட் நிலைத்த தொட்டியில் மாண்டரினுக்கு நாம் தேவையே இல்லை. அது தன்பாட்டுக்கு மேயும். கோமாளி மீன்கள்தான் ஐந்து நாளும் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆவியாகும் தண்ணீரை நிரப்பத் தானியங்கிக் கருவியை வையுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, தண்ணீர் தரையில் ஒழுகுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தீனி டப்பாவைப் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். "பாவம், பசிக்குமே" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டால் திரும்பி வரும்போது தண்ணீர் வெள்ளையாக இருக்கும்.